அபிராமியைச் சாட்சிக்கு இழுக்காமல் கடலுக்குப் போக

எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து மூன்றாவது தாளில், அடித்துத் திருத்திய ஒரு வரி இருக்கிறது. "கடல் பார்க்க, தரங்கம்பாடி, இரண்டு நாள்" என்று முதலில் எழுதியிருந்தேன். அதன் மேல் கோடு இழுத்து, "திருக்கடையூர் அபிராமி தரிசனம், வழியில் தரங்கம்பாடி, ஒரு நாள்" என்று மாற்றியதும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற, பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குத் துணிச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி, தன் வீட்டுக்காரரிடம் கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல முடியாமல் ஒரு தெய்வத்தைத் துணைக்கு அழைத்த கதை அது. இந்தக் கட்டுரையை என்மேல் உள்ள கோபத்தில்தான் தொடங்குகிறேன். மற்றவர்கள் மேலுள்ள கோபம் பின்னால் வரும்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். குடமுருட்டிக்கு இக்கரை. கடல் எழுபது எண்பது கிலோமீட்டர்தான். எங்கள் தெருவில் உள்ள ஆண்களில் கடல் பார்க்காதவர் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். பெண்களில் எண்ணிக் காட்டலாம், நான் எண்ணினேன். பதினான்கு பேர் கொண்ட எங்கள் குழுவில் ஐந்து பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் நான்கு பேர் வேளாங்கண்ணியில் பார்த்தவர்கள், இருவர் ராமேஸ்வரத்தில் மாமனாருக்குத் திதி கொடுக்கப் போனபோது பார்த்தவர்கள். கடலுக்கென்று கிளம்பிப் போய்க் கடலைப் பார்த்தவள் ஒருத்தியும் இல்லை, நான் உட்பட.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் திருத்திய வரியின்படியே போனோம். வேன் பிடித்தோம். "பொம்பளைங்க மட்டும் தனியாவா?" என்று கேட்டார்கள் என்பதற்காக, ஒருவருடைய கொழுந்தனார் துணைக்கு வந்தார். அவருக்கான வேன் பங்கும் சாப்பாடும் எங்கள் செலவு. அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். எங்கே டீக்கு நிறுத்துவது, என்ன பாட்டுப் போடுவது, எவ்வளவு நேரம் எங்கே நிற்பது எல்லாம் அவர் முடிவு. நாங்கள் சேர்த்த காசில் எங்களுக்கு நாங்களே ஒரு மேஸ்திரியை அமர்த்திக்கொண்டோம்.

அன்று முகூர்த்த நாள் வேறு. திருக்கடையூரில் எந்த மூலையில் பார்த்தாலும் ஒரு அறுபதாம் கல்யாணம். கூட்டத்தில் நசுங்கி, வரிசையில் நின்று, அர்ச்சனை முடிந்து வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று. நின்ற நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. அறுபது, எழுபது, எண்பது என்று அங்கே எண்ணப்படுவது அத்தனையும் ஆணின் வயது. பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய அறுபதை எண்ணி நடத்துகிற சாந்தி ஏதும் கிடையாது. அவள் அறுபதைத் தொட்டதற்கு யாருக்கும் நன்றிக்கடன் இல்லை.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. ஐம்பது நிமிடம். கொழுந்தனார் டேனிஷ் கோட்டை ஓரத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். எங்களில் மூத்தவர், அறுபத்து மூன்று வயதுப் பெரியம்மா, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இவ்ளோ சத்தம் போடும்னு யாருமே சொல்லலையேடி" என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு ஏறச் சொல்லி ஹாரன் அடித்தார்கள்.

இதில் ஊருக்கு என்ன நஷ்டம், எப்படியோ கடலைப் பார்த்தாயிற்றே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நஷ்டக் கணக்கைப் போட்டுப் பார்த்தது பிறகுதான். பதினான்கு பேரில் வேனில் ஏறியது பத்துப் பேர். ஒருத்திக்கு அன்று மாதவிலக்கு; கோயில் என்பதால் வரவில்லை. கடல் என்றால் வந்திருப்பாள், கடலுக்குத் தீட்டு ஏது. ஒருத்தி புருஷனை இழந்தவள். "மாங்கல்யம் கேக்குற எடத்துல நான் போயி என்ன கேக்குறது" என்று சொல்லி நின்றுகொண்டாள். தையல் தைக்கும் அக்கா முஸ்லிம். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை, இரண்டையும் சொல்லாமலிருக்கக் கோயில் எங்களுக்கு வசதியாக இருந்தது. இன்னொருத்திக்கு மாமியார் தீட்டு. ஒரு பொய், நான்கு பெண்களைக் கீழே இறக்கிவிட்டது. நாங்கள் ஆண்களை ஏமாற்றியதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போனோம். ஏமாந்தது அந்த நான்கு பேர்.

நம் ஊர்ப் பெண்கள் வெளியே போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கூட்டமாக ஆற்றுக்குப் போகிறோம். காவிரிக்கு மசக்கையாம், வாய்க்கு ருசியாகக் கொடுக்க வேண்டுமாம். அங்கே போய்த் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம், பிள்ளை வரம், கடன் நிவர்த்தி, புருஷன் குடி நிறுத்தம். சிவப்புச் சேலை கட்டி மேல்மருவத்தூர் போகிறோம். அங்கே மாதவிலக்கு நாளிலும் உள்ளே போகலாம் என்பதற்காகத்தான் எங்கள் பக்கம் அவ்வளவு பெண்கள் சிவப்புக்கு மாறினார்கள் என்பது என் கணிப்பு. அதை நான் மதிக்கிறேன். பக்தியை நான் இங்கே குறை சொல்லவில்லை. எங்கள் பெரியம்மா கும்பிடும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கும்பிடப் போகிறவள் கும்பிடப் போகட்டும். கடல் பார்க்க ஆசைப்பட்டவளும் கும்பிடத்தான் போக வேண்டும் என்பது என்ன நியாயம்? நம் ஒவ்வொரு பயணமும் இன்னொருவர் ஆயுசுக்கோ, வேலைக்கோ, வயிற்றுக்கோ எழுதிக்கொடுத்த விண்ணப்பமாக இருந்தால்தான் கதவு திறக்கிறது.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் வடக்கே பூம்புகார். பள்ளிக்கூட வேன்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகின்றன. நானும் வருடா வருடம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை நடத்துகிறேன். அதில் இரண்டு கடற்கரைப் பயணங்கள் வருகின்றன. ஒன்று, மாதவியும் கோவலனும் கடலாடப் போவது. யாழை முதலில் வாங்கி, வேறொருத்தியை நினைப்பது போன்ற பாட்டை முதலில் பாடியவன் அவன். பதிலுக்கு அவளும் அப்படிப் பாடினாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் வண்டியில் தனியாக வீடு திரும்பினாள். கடற்கரையில் உட்கார்ந்து ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டுப் பாடியதற்குக் கிடைத்தது அது. ஊழ்வினை என்று எழுதச் சொல்கிறது பாடத்திட்டம். இரண்டாவது, நடக்காத பயணம். காவிரி கடலில் கலக்கிற இடத்தில் இரண்டு பொய்கைகள் இருக்கின்றன, அங்கே முழுகிக் காமன் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவன் திரும்ப வருவான், நாமும் ஒருநாள் போய் ஆடுவோம் என்று தேவந்தி கண்ணகியைக் கூப்பிடுகிறாள். அது எனக்குப் பெருமை ஆகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பைக் கற்பின் உச்சம் என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறார்கள். என் சந்தேகம் வேறு. கணவனுக்காகப் போய் முழுகு என்று சொல்லாமல், சும்மா வா, அலையில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று தேவந்தி கூப்பிட்டிருந்தால், ஒருவேளை கிளம்பியிருப்பாளோ? தோழிக்கும் அப்படிக் கூப்பிடத் தோன்றவில்லை. எங்கள் நோட்டுப் புத்தகத்து வரிக்கு அத்தனை வயது.

ஆண்கள் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். தரங்கம்பாடியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் காரைக்கால். "காரைக்கால் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். அறுவடை முடிந்து நெல் காசு வந்தால் புதுச்சேரி. ஒரு காரில் ஐந்து பேர், இரண்டு நாள். வேண்டுதல் கிடையாது. துணைக்கு யாருடைய கொழுந்தியாளும் போவதில்லை. வீட்டில் மாவு அரைத்து வைத்துவிட்டா போகிறார்கள்? நாங்கள் அந்த ஒரு நாள் போவதற்கு, முந்தைய நாள் ராத்திரி பதினோரு மணி வரை அரைத்து, வதக்கி, மூடி, எது எந்தப் பாத்திரத்தில் என்று சொல்லிக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது அத்தனை பாத்திரமும் தொட்டியில் காத்திருந்தது. விடுமுறை நாளின் வேலை முதல் நாளிலும் மறுநாளிலும் பங்கிடப்பட்டிருந்ததே தவிர, ஒரு தம்ளர்கூடக் குறையவில்லை.

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஈடுபடும் ஆண் 88 நிமிடம். "ஈடுபடும்" ஆண் என்பதைக் கவனியுங்கள். ஈடுபடாதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார்கள், அவர்கள் காரைக்காலில் இருப்பார்கள்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது, விவசாயத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். நடவு இயந்திரம் வந்து பெண்களின் வேலை நாள் குறைந்துகொண்டே போகிறது, கூலி ஏறவில்லை, குழுக் கடன்காரன் வாசலில் நிற்கிறான், இந்த நேரத்தில் டூர் போவதைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு இல்லையா டீச்சர் என்றார். நல்ல மனிதர். அவரிடம் நான் கேட்டது இதுதான். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் எங்கே கொண்டாடினார்? சென்னைக் கடற்கரையில். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம் என்று கேட்டவர்கள் மூன்றாவதாக ஒரு எட்டு மணி நேரத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். அது எங்கள் இஷ்டத்துக்கு என்று கேட்டார்கள். அந்த மூன்றாவது எட்டு நடவுக்காரிக்கு எப்போது வரும்? கூலி போராட்டம் முடிந்த பிறகா? அவள் கூலி வாங்குகிற வேலை முடிந்து, கூலியில்லாத வேலை முடிந்து, பிறகு உங்கள் கூட்டத்துக்கும் வந்து தரையில் உட்காருகிறாள். போராட்டத்துக்கு என்றால் லாரியில் ஏற்றிச் சென்னை வரைக்கும் கூட்டிப்போகிறீர்கள், எந்தப் புருஷனும் தடுப்பதில்லை. மாயவரம் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1938-ல், இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தார். அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் காரியமாகப் போகிற பெண்ணுக்கு மட்டும்தான் சாலை என்றால், அது கோயிலுக்குப் போகிறவளுக்கு மட்டும்தான் சாலை என்பதிலிருந்து ரொம்ப தூரம் வந்துவிடவில்லை. மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' புத்தகத்தின் வாதம் இதுதான்: பெண் தெருவில் நின்றால் கையில் ஒரு காரியத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது, சும்மா நிற்கும் உரிமை அவளுக்கு இல்லை. மும்பைக்கே அப்படி என்றால் பாபநாசத்துக்குச் சொல்ல வேண்டுமா.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. எங்கள் குழுவில் அந்தப் பேருந்தால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் உண்டு, அது பெரிய விஷயம். ஆனால் புகழ்ந்து பேசுகிற எல்லா மேடையிலும் அந்தக் காசு எதற்குப் போகிறது என்று சொல்கிறார்கள்? பிள்ளைகள் படிப்பு, மருந்து, மளிகை. அந்த ஆயிரத்தில் ஒருத்தி ஐஸ்கிரீம் சாப்பிட்டாள், அவளுக்குப் பிடித்திருந்தது என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இனி நீச்சலைப் பற்றி. இதைச் சொல்லாமல் கடலைப் பற்றிப் பேச முடியாது.

பன்னிரண்டு வயது வரைக்கும் குடமுருட்டியில் நான் நீந்தினேன். படித்துறையிலிருந்து குதிப்பேன், அக்கரை வரை போய் வருவேன். பக்கத்து வீட்டு அண்ணனைவிட வேகம். வயதுக்கு வந்ததும் நின்றது. யாரும் தடை போட்டதாக நினைவில்லை. ஈரப் பாவாடையோடு கரையேறுவது ஒரு நாள் திடீரென்று எல்லோருடைய விவகாரமாகிவிட்டது. அந்த அண்ணன் இன்றும் புதுத்தண்ணி வந்ததும் மதகிலிருந்து குதிக்கிறார், அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தண்ணீரோடு பிறந்து வளர்ந்த தஞ்சாவூர்ப் பெண்கள் பெரும்பாலானவர்களுக்கு நீந்தத் தெரியாது, அல்லது தெரிந்ததை மறக்க வைக்கப்பட்டவர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்கள் இறந்தார்கள் என்று 2005-ல் ஆக்ஸ்ஃபாம் அறிக்கை சொன்னது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அலை அவர்களுக்கு அடியில் போயிற்று. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஆண்களுக்கு நீந்தவும் மரம் ஏறவும் தெரிந்திருந்தது. பெண்களுக்குச் சேலையும் இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தது. இதற்குப் பிறகு எங்கள் பக்கம் பெற்றோர்கள் எடுத்த பாடம் என்ன? பெண் பிள்ளைகளைக் கடல் பக்கம் விடாதே. நீந்தக் கற்றுக்கொடு என்று யாராவது சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்துப் பள்ளி மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று. நான் என் வகுப்பில் கேட்டேன். முப்பத்தாறு பேரில் இரண்டு கைகள் எழுந்தன. பையன்களில் பாதிக்கு மேல்.

இந்த வருடம் மறுபடி திட்டம் போட்டோம். தொடங்கியது பெரியம்மா. "அந்தச் சத்தத்தை ராத்திரியில கேக்கணும்டி" என்றார். ராத்திரி என்றால் தங்க வேண்டும். தங்க வேண்டும் என்றதும் எல்லாம் மாறிப்போனது.

தேதி பிடிப்பதே ஒரு படிப்பு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நாற்று, நடவு, களை என்று ஆளுக்கு ஓய்வில்லை. அது முடிவதற்குள் சம்பா, தாளடி. தை அறுவடை, பிறகு உளுந்து பயறு. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூல். அன்று ஒருத்தி இல்லையென்றால் அவள் தவணைக்கு மற்றவர்கள் ஜவாப்தாரி. எல்லாவற்றையும் கழித்தால் மே மாதத்தில் ஒரு சனி ஞாயிறு கிடைத்தது. "அப்ப மீன்பிடித் தடைக்காலமாச்சே, மீன் கிடைக்காதே" என்றாள் ஒருத்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. "மீனுக்கே வருஷத்துக்கு அறுபத்தோரு நாள் லீவு விடுறான்" என்று சொல்லிச் சிரித்தோம். சத்துணவு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அதுவும் முட்டை போடத்தாண்டி விடுறான்" என்றார். மீனுக்கும் காரணம் வேண்டியிருக்கிறது.

தங்க இடம் தேடி நான் போன் செய்தேன். ஒரு விடுதியில் எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை பேர், ஃபேமிலியா என்றார். பெண்கள் ஒன்பது பேர் என்றேன். கூட ஜென்ட்ஸ் யார் வர்றாங்க என்றார். யாரும் இல்லை. "அப்ப ரூம் இல்லைங்க மேடம்." அதற்கு முந்தைய நிமிடம் வரை இருந்தது. ஒன்பது பேர் வயதையும் கூட்டினால் நானூறைத் தாண்டும். அறை எடுக்கக் காட்ட வேண்டியது அடையாள அட்டை, ஆண் அல்ல. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. நாலாவது இடத்தில் ஒரு அம்மா, தன் வீட்டு மாடியில் இரண்டு அறை விடுபவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மாடிப்படி செங்குத்தாக இருக்கும், ஏறுவீர்களா? பெரியம்மா ஏறுவார்.

அடுத்தது ஜாதி. இதை மழுப்பிவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய். எங்கள் குழுவில் பதினான்கு பேரும் ஒரே தெரு. காலனிக் குழு தனி. ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒன்றாக உட்காருகிறோம், வயலில் ஒன்றாகக் குனிகிறோம், வேனில் மட்டும் ஒன்றாக ஏறியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயிலின் பெயரைச் சொல்லித் தையல் அக்காவை விட்டோம் என்றேனே, காலனிப் பெண்களை விடுவதற்கு அந்தச் சாக்குக்கூடத் தேவைப்படவில்லை, நினைக்கவே இல்லை. இந்த முறை நான் போய்க் கேட்டேன். அங்கே குழுத் தலைவியாக இருப்பவர் என்னை நின்றபடியே பார்த்தார். "எதுக்கு டீச்சர், ஒங்க வீட்டு எலை எடுக்கவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நான் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து அவர் ஒரு நிபந்தனை சொன்னார். யாரும் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரக் கூடாது. எல்லோரும் ஓட்டலில், ஒரே மேசையில். அப்படியென்றால் மூன்று பேர் வருகிறோம்.

எங்கள் தெருவுக்கு வந்து இதைச் சொன்னதும் இரண்டு பேருக்கு உடனே உடம்பு சரியில்லாமல் போனது. "ஒரே ரூம்லயா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அவர்களை நான் கெஞ்சவில்லை. எத்தனை நாள் யோசித்தாலும் எங்களுக்கு வராத ஒரு புத்தியை அந்த நிபந்தனை கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுச்சோறு கிடையாது என்றால் முந்தின ராத்திரி பதினோரு மணி சமையலும் கிடையாது.

கடைசிச் சண்டை பொய்யைப் பற்றியது. இந்த முறை கோயில் பெயரைச் சொல்லக் கூடாது, வீட்டில் கடல் பார்க்கப் போகிறோம் என்றே சொல்ல வேண்டும் என்று நான் பேசினேன். கொஞ்சம் பிரசங்கமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. கடைசி வீட்டு அக்கா குறுக்கே வெட்டினார். "டீச்சர், நீங்க உண்மைய சொன்னா ஒங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாரு. நான் சொன்னா எனக்குப் பல்லு போகும். ஒங்க உண்மையும் என் உண்மையும் ஒரே வெலையா?"

இல்லை. அவர் சொன்னது சரி, அதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். அடிவாங்குகிறவளிடம் போய் உண்மை பேசு என்று உபதேசிப்பது அயோக்கியத்தனம். அவர் அபிராமியைச் சொல்லட்டும், வேளாங்கண்ணி மாதாவைச் சொல்லட்டும், அந்தப் பொய் அவருடைய பஸ் டிக்கெட். என் சண்டை அவரோடு இல்லை. என்னைப் போன்றவர்களோடு. சம்பளம் வாங்குகிறவர்கள், அடி விழாதவர்கள், அதிகம் போனால் ஒரு முறைப்பையும் இரண்டு நாள் மௌனத்தையும் சந்திக்க வேண்டியவர்கள், நாமும் அதே பொய்யைச் சொன்னால், ஊரில் அந்த வாக்கியத்தை முதலில் சொல்லப்போவது யார்? "கடல் பார்க்கப் போறேன், திங்கக்கிழமை காலையில வருவேன்." இதைத் தெருவில் நாலு பெண்கள் சொல்லிக் கேட்டுப் பழகினால்தானே ஐந்தாவது பெண் சொல்லும்போது அது காதுக்குப் புதிதாக இராது. நாம் சொல்லக்கூடியவர்களாக இருந்தும் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு முறையும், கடைசி வீட்டு அக்காவின் பல்லுக்கு விலையை ஏற்றிவிட்டோம். படித்த பெண்கள், கல்லூரியில் படிக்கிற பெண்கள், இதைப் படிக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்: வீட்டில் 'புராஜெக்ட்' என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு மகாபலிபுரம் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போங்கள். ஆனால் உங்களில் யாருக்கு வீட்டில் உண்மை சொல்ல முடியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சொல்ல முடிந்தவள் சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன். "எதுக்கு?" என்றார். "கடல் பார்க்க." "அதான் அன்னிக்கு பாத்தியே." "அம்பது நிமிஷம்." அதற்குப் பிறகு பேச்சில்லை. எதிர்பார்த்ததைவிட ஒரு நாள் கூடுதலாகவே பேச்சில்லை. மாமியார்தான் மூன்றாம் நாள், வெற்றிலை மடித்துக்கொண்டே, மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அப்போதெல்லாம் ரயில் உண்டு என்றார். 1986-ல் அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள். அவர் அதில் போயிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, மாயவரம் ஸ்டேஷனில் அது நிற்பதைப் பார்த்திருக்கிறேன் என்றார். வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "எனக்கு முட்டி வலிக்குது போ" என்றார். பட்டியலில் அவர் பெயருக்கு ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

நோட்டில் இப்போது இருப்பது இதுதான். ஒன்பது பெயர். அதில் மூன்று காலனி. தையல் அக்கா உண்டு. முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் தனக்கும் பெரியம்மாவுக்கும் தைத்துக்கொண்டிருக்கிறார், சேலையோடு அலையில் நிற்க முடியாது என்று. சனிக்கிழமை காலை பாசஞ்சரில் பாபநாசத்திலிருந்து மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ். மாதம் ஐம்பது ரூபாய் வீதம் பதினெட்டு மாதம் சேர்த்தது, ஆளுக்கு 900. இரண்டு அறை, ஐந்து வேளைச் சாப்பாடு, டீ, ஐஸ்கிரீம் தனியாகவே எழுதியிருக்கிறேன். கடைசி வீட்டு அக்கா பெயருக்கு நேரே, அவர் சொன்னபடி, அடைப்புக்குள் "திருக்கடையூர்" என்று இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் என்று பேசி வைத்திருக்கிறோம். மற்ற எட்டுப் பெயருக்கும் நேரே கடல் என்றுதான் எழுதியிருக்கிறது. தேங்காய் பழத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை.